மூன்று பேர் நிற்கும் படம்

பூத்தொட்டியை மறுபடியும் நகர்த்திவிட்டு லியூ வானத்தைப் பார்த்தாள். சைகோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. விருந்தை ஓட்டலின் மொட்டை மாடியில் வைக்கலாம் என்று அடம்பிடித்தவள் அவள்தான். தங்கை குயெனின் கல்யாணத்துக்குத் திட்டம் போட்டதும் அவள், படம் எடுப்பதும் அவள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளோ மழைக்காலத்தின் நட்டநடுவில் விழுந்திருந்தது. "கூரை இருக்கற மண்டபமா பாருடி, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி நனைஞ்ச கோழியாட்டம் நிக்கணுமா?" என்று அம்மா சொல்லாத நாளில்லை. லியூ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொழுது சாய்ந்து, பின்னால் இருக்கும் கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்பதுபோல ஒரு படம் அவள் மனதில் பல மாதங்களாக இருந்தது. அந்த ஒரு படத்துக்காகத்தான் இந்த மொட்டை மாடி. கல்யாணம் உனக்கா, தங்கைக்கா என்று யாராவது கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாள். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

விருந்தினர் வருவதற்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். சந்துக்குள் நொய்யரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் விற்றே இரண்டு பெண்களையும் ஆளாக்கியவள். அன்றைக்கு அரக்கு நிற ஆவ் ஸாய் நீள அங்கி போட்டு, கழுத்தில் முத்து மாலையும் மாட்டியிருந்தாள். புதுச் செருப்பு கடித்ததால் அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பின்னாலேயே கல்யாண உடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி குயென்.

"ஆள் வர்றதுக்குள்ள ஒரு படம் எடுத்துடு. நாம மட்டும், மூணு பேரும்" என்றாள் அம்மா.

லியூ காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தாள். காரணம் இருந்தது. மூன்று பேர் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் முதலில் செத்துப் போய்விடுவார் என்பது அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பயம்தான் என்றாலும், அம்மாவுக்கு அது கொஞ்சம் கூடுதல். குயென் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். வீட்டில் எண்ணினால் சரியாக மூன்று பேர். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அம்மா நாலாவது ஆளைத் தேடுவாள். வுங் டாவ் கடற்கரைப் படத்தில் சுட்ட கணவாய் விற்கிறவர் பெரிய மாமா மாதிரி விறைப்பாக நிற்கிறார். மிருகக்காட்சிசாலைப் படத்தில் ஒரு லாட்டரிச் சீட்டுக்காரப் பெண், சீட்டுக் கட்டோடு. ஆள் கிடைக்காத நேரங்களில் லியூ கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் தங்கையையும் மட்டும் எடுத்துவிடுவாள். அப்படிப் பழகித்தான் அது தொழிலாகவே ஆனது. இப்போதும் கல்யாண வீடுகளில் மூன்று பேர் சேர்ந்து நின்றால் அவள் கண் தானாகத் தலையை எண்ணிவிடும். "இன்னொருத்தர் வாங்க, இடம் காலியா இருக்கு" என்று யாரையாவது உள்ளே இழுத்துவிடுவாள். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, வந்தவர்கள் மனம் கோணக் கூடாதே என்றுதான் செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லுவாள்.

"கியெட் வந்துரட்டும்மா. மாப்பிள்ளையும் சேர்ந்தா நாலு ஆயிடும்ல."

"அவன் வந்தா நாலுதான். நான் கேக்கறது மூணு" என்றாள் அம்மா. "நாளைலேருந்து இவ அந்த வீட்டுப் பொண்ணு. நாம மூணு பேரா இருந்ததுக்கு ஒரு படம்கூட இல்லடி நம்மகிட்ட. எல்லாத்துலயும் எவனாவது ஒரு கணவாய்க்காரன் நிக்கறான்."

குயென் சிரித்துவிட்டாள். "நடுவுல யாரும்மா நிக்கறது? எனக்குப் பயமா இருக்கு."

"நான்தான் நிப்பேன். வேற யாரு? வரிசைப்படி பாத்தா நான்தானே மொதல்ல போகணும்? அதுல என்ன இருக்கு?" சொல்லிவிட்டு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, சுவர் ஓரமாகப் போய் நின்று, பெண்கள் வந்து நிற்க இரண்டு பக்கமும் இடம் விட்டாள். "வாங்களேன். அந்த டைமரைப் போடு."

கேமரா முக்காலியில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் நின்றால் முடிந்தது. லியூவின் விரல் பொத்தான்மேல் போய்விட்டுத் திரும்பி வந்தது. கேமராக் கண்ணாடிக்குள் அம்மா நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நம்பிக்கை கிடையாது, கிடையாது என்று வாய்கிழியப் பேசியவள் கேமராவைவிட்டு நகரவில்லை. ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்?

"வெளிச்சம் போகப் போகுதும்மா. கியெட் வந்ததும் மொதல்ல ஜோடிப் படத்தை எடுத்துக்கறேன். இது எங்க போயிடப் போகுது, அப்பறம் எடுக்கலாம்" என்றாள். குரல் சிடுசிடுவென்று வந்தது. பயந்தால் அவளுக்குக் குரல் அப்படித்தான் வரும்.

 அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு சம்பந்தி அம்மாள் லிஃப்டிலிருந்து இறங்குவதைப் பார்த்துச் சிரித்தபடி அந்தப் பக்கம் போனாள்.

விருந்து பாதியில் இருக்கும்போது மழை கொட்டியது. மேசை விரிப்புகள் பறந்தன. கொதிச்சாற்றுச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கூடாரத்துக்குள் ஓடினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே பாடினார். அந்தக் களேபரத்தில்தான் லியூவுக்கு அவள் படம் கிடைத்தது. ஒரே குடைக்குள் குயெனும் கியெட்டும், பின்னால் மழையில் கரைந்த நகரத்து விளக்குகள். மனதில் இருந்ததைவிட நன்றாக வந்தது. பிற்பாடு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த வருடம் முழுக்கக் கல்யாணங்கள் வந்தன.

மழை விட்டதும் அம்மாவைத் தேடிப் போனாள். அம்மா, சும்மா இருக்க மாட்டாமல் ஓட்டல் ஆட்களோடு சேர்ந்து பாத்திரம் தூக்கி, தொப்பலாக நனைந்து, பூப்போட்ட வீட்டு உடுப்புக்கு மாறிக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, இப்ப எடுத்துடலாம்."

"இந்தக் கோலத்துலயா? போடி. பொண்ணு கல்யாணத்துக்குப் பைஜாமா போட்டு வந்தாளான்னு சம்பந்தி காலம் பூரா சொல்லிக்காட்டுவா. டெட் புத்தாண்டுக்கு எடுத்துக்கலாம், எல்லாரும் புதுசு போட்டுட்டு."

லியூவுக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வருகிறது.

டெட் வரவில்லை, அதாவது அம்மாவுக்கு வரவில்லை. புத்தாண்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, காலையில் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். நடுவில் நிற்காமலேயே முதலில் போய்விட்டாள். அவளை எதிலிருந்து காப்பாற்றினோம் என்று லியூ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு படத்திலிருந்து காப்பாற்றியிருந்தாள். வேறு எதிலிருந்தும் இல்லை.

பூசை மேடையில் வைக்கப் படம் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அலமாரியில் துண்டு சுற்றி ஒரு படம் சட்டம் போட்டுத் தயாராக இருந்தது. கல்யாணம் முடிந்த மறு மாதம் அம்மா சந்தைப் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துவந்திருக்கிறாள். பின்னால் நீலத் திரை. சுருக்கங்களையும் மோவாய் மச்சத்தையும் கடைக்காரர் அழித்துவிட்டிருந்தார். யாரோ பக்கத்து ஊர்க்காரி மாதிரி இருந்தாள். கூடப் போன காய்கறிக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்:

"உன் வீட்லயே போட்டோக்காரி இருக்காளே, காசைக் கொண்டுபோய் இங்க குடுக்கறியேன்னு கேட்டேன் பாப்பா. 'எம் பொண்ணு எடுக்க மாட்டா, அவளுக்குக் கை நடுங்கும்'னா."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சிடுசிடுப்புக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டுதான், ஒன்றும் சொல்லாமல் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது லியூவுக்கு.

நூறாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள். கியெட் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். குயென் ஊதுவத்திச் சாம்பலைத் துடைத்துவிட்டு, மேடையிலிருந்த அம்மாவின் படத்தைக் கீழே இறக்கினாள்.

"அக்கா, கேமராவை வை."

லியூ புரியாமல் பார்த்தாள். குயென் படத்தை மார்புக்கு நேராகப் பிடித்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

பாயைக் கீழே போட்டுவிட்டு கியெட் அவசரமாக எழுந்தான். "மூணா நிக்காதீங்க. இருங்க, நானும் வரேன்."

"நீங்க வராதீங்க" என்றாள் குயென்.

லியூ முக்காலியைப் பிரித்தாள். கண்ணாடிக்குள் பார்த்ததும் வழக்கம்போலக் கண் தலையை எண்ணியது. பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. செருப்பில்லாத காலோடு ஓடிப்போய்ப் படத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். இத்தனை வருடம் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவளுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்தப் பக்கம் நீ பிடி, கனக்குது" என்றாள் குயென்.

லியூ சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது. எதிரே விளக்கு வேகமாக மினுக்கியது.