ஓடும்போதே ஒட்டுகிற இழை

மாரிக்கனிக்கு முழங்கால் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே ராஜபாளையத்து நூல் மில்லில் மெஷின் முன்னால் நிற்க ஆரம்பித்தவள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தால் கால் என்ன இரும்பா? இனி நிற்கிற வேலையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் காலியாகப் போகிறது என்றார் மேனேஜர். வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் பக்கத்திலிருந்து மில் பெண்களை ஏற்றி வருகிற வேனின் டிரைவர் வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். லைசென்ஸ் வாங்கி வந்தால், கொஞ்ச நாள் அவர் பக்கத்தில் உட்கார்த்திப் பழக்கிவிட்டு வேனை அவளிடமே தருவதாகச் சொன்னார். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

வீட்டோடு இருப்பது என்றாலே மாரிக்கனிக்கு வேப்பங்காயாகக் கசக்கும். மில்லின் இரைச்சலுக்கு நடுவில் வாயசைப்பைப் பார்த்தே ஊர்க்கதை பேசிச் சிரித்தவள் அவள்.

கணவன் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். அவனே கற்றுக்கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தான், ஒரே ஒரு சாயங்காலம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெண்டாட்டி என்பதை மறந்து அணிவகுப்பு மைதானத்தில் கத்துகிற மாதிரி கத்தினான். அவள் இரவல் வாங்கிய காரைத் தளவாய்புரம் ரோட்டில் அப்படியே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் டிரைவிங் ஸ்கூல். அங்கே சொல்லிக்கொடுக்க வந்த பிரிஸ்கில்லாவைப் பார்த்ததும் மாரிக்கனிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தன் மகள் வயதுகூட இருக்காது. பாப்பா, பெரியவிய யாரும் இல்லையா என்று கேட்டே விட்டாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. இங்கே நான்தான் பெரியவள், ஏறுங்கள் அக்கா என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டாள்.

கியர், கிளட்ச் எல்லாம் சீக்கிரமே பிடிபட்டன. வினை வேறு இடத்தில் இருந்தது. நாய் குறுக்கே வந்தால் போதும், மாரிக்கனியின் கை நேராகச் சாவிக்குப் போய் வண்டியை அணைத்துவிடும். பிரேக் ஞாபகத்துக்கே வராது. சேலையோ விரலோ மெஷினில் மாட்டினால் யோசிக்காதே, சிவப்புப் பொத்தானை அமுக்கு என்று மில்லில் சேர்ந்த அன்றே மண்டையில் ஏற்றியிருந்தார்கள். பயம் வந்தால் மெஷினை நிறுத்து. இத்தனை வருஷம் விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்த பழக்கம் இப்போது ரோட்டில் மானத்தை வாங்கியது.

ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், நல்ல கூட்ட நேரத்தில், ஒரு மாடு குறுக்கே வந்தது. கை சாவிக்குப் போனது. பின்னால் தென்காசி பஸ்ஸின் ஹாரன் காதைக் கிழித்தது.  மாரிக்கனி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"போதும் பாப்பா. எனக்கு வராது. பத்தாங்கிளாஸ் கணக்குல போச்சு, திரும்ப எழுதல. தையல் படிக்கப் போயி ஒரு ஜாக்கெட்டக் கெடுத்தேன், அதோட விட்டேன். நான் தொட்டது அம்புட்டும் இப்பிடித்தான்."

பிரிஸ்கில்லா இறங்கினாள். காருக்குப் பின்னால் போய், அவ்வளவு பெரிய பஸ்ஸுக்கு முன்னால் கையை உயர்த்தி நின்றாள். டிரைவர் என்னவோ கத்தினார். அவள் அசையவில்லை. கழுத்தை மட்டும் திருப்பிச் சொன்னாள்.

"அவசரமே இல்லக்கா. மெதுவா எடுங்க. பின்னாடி நான் நிக்கேன்."

மாரிக்கனி தப்புச் செய்யும்போதெல்லாம் பின்னால் யாராவது நின்றிருக்கிறார்கள்தான். வாத்தியார், மேஸ்திரி, புருஷன் என்று. அத்தனை பேரும் கத்துவதற்காக நின்றவர்கள். அவளுக்காக ஊரையே நிறுத்திவைத்துக்கொண்டு ஒருவர் நிற்பது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு காலை உள்ளே எடுத்து வைத்தாள். வண்டி நகர்ந்தது.

ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, பிரிஸ்கில்லா மில்லைப் பற்றி விசாரித்தாள். ஓர் இழை அறுந்தால் மெஷினை நிறுத்துவீர்களா என்று கேட்டாள். மாரிக்கனிக்குச் சிரிப்பு வந்தது. ஓர் இழைக்காக மெஷினை நிறுத்தினால் மேஸ்திரி உயிரை எடுத்துவிடுவார். அது பாட்டுக்கு ஓடும், ஓடும்போதே ஒட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான் என்றாள்.

"கை மாட்டுனாத்தான நிறுத்துவிய?"

"ஆமா."

"கணக்குலயும் ஜாக்கெட்டுலயும் உங்க கையா மாட்டுச்சு? இழைதான அறுந்துச்சு. நீங்க மெஷினையே நிறுத்திட்டிய அக்கா."

 அன்றைக்கு வீட்டில் தோசை கருகியது. மாரிக்கனி சிரித்துக்கொண்டே அடுத்த தோசையை ஊற்றினாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று பாண்டிச்செல்வத்துக்கு விளங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டெஸ்ட். மேட்டில் நிறுத்தி எடுத்துக் காட்டச் சொன்னார் அதிகாரி. எடுக்கும்போது வண்டி உறுமி அணைந்துவிட்டது. மாரிக்கனியின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் யாருமில்லை, பிரிஸ்கில்லா தூரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றாள். ஆனாலும் அவள் தன் பின்னால்தான் நிற்கிறாள் என்று மாரிக்கனிக்குத் தோன்றியது. இழைதானே? கையை எடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி, கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி மேடேறியது. அணைந்தாலும் பின்னால் உருளவிடவில்லையே, அது போதும் என்றார் அதிகாரி.

பாண்டிச்செல்வம் பால்கோவா வாங்கி வந்து, முதலில் பிரிஸ்கில்லாவிடம் நீட்டினான். "நம்மால ஆகல. அவிய ஆக்கிட்டாவ," என்று மனைவியிடம் சொன்னான். மகள் வயதுப் பெண்ணை அவன் மரியாதையாக 'அவிய' என்றது மாரிக்கனிக்கு நிறைவாக இருந்தது.

வேன் அவள் கைக்கு வந்த புதிதில் ஒரு காலை. ராஜபாளையத்துக்குள் நுழையும்போது முன்னால் எல் போர்டு கார் ஒன்று அணைந்து நின்றது. ஸ்டியரிங்கில் ஓர் அம்மாள் வெலவெலத்து உட்கார்ந்திருந்தாள். காருக்குப் பின்னால் பிரிஸ்கில்லா கையை உயர்த்தி நின்றாள். வேனுக்குப் பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. ஷிஃப்டுக்கு நேரமாகிறது, ஒதுங்கிப் போய்விடலாம் என்று வேனுக்குள் ஒருத்தி முணுமுணுத்தாள்.

மாரிக்கனி ஒதுங்கவில்லை. வேனைக் காருக்கு நேர் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, விளக்கை மினுக்கவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் வந்தவர்களைத் தடுத்தாள். பிறகு, இத்தனை நாள் பாப்பா என்றே கூப்பிட்டவளை முதல்முறையாக வேறு மாதிரி கூப்பிட்டாள்.

"டீச்சர், நீங்க உள்ள ஏறிக்கிடுங்க. அவியள மெதுவா எடுக்கச் சொல்லுங்க. பின்னாடி நான் நிக்கேன்."

பிரிஸ்கில்லா உயர்த்திய கையை இறக்கினாள்.