ராகுகாலத்தில் மட்டாஞ்சேரி

என் கணவர் நீலகண்டன் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுவரைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். தொழில் அப்படி, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊர் காட்டும் கைடு. அதற்காகப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டிலிருந்து பர்வதம் மாமியும் அவள் பிள்ளை சுதர்ஷனும் எங்கள் மாதுரியைப் பார்க்க வந்தார்கள். பிள்ளையும் பெண்ணும் எர்ணாகுளத்தில் ஒரே ஆபீஸ். தாங்களே முடிவு செய்துகொண்டவர்கள்தான். ஆனால் மாமி ஒரு நிபந்தனையோடுதான் இறங்கி வந்திருந்தாள். நல்ல நேரத்தில் பெண்ணைப் பார்ப்பாள், மனசுக்குப் பிடித்தால் சரி என்பாள். அம்மா சம்மதிக்காமல் தாலி கட்டுவதில்லை என்று சுதர்ஷனும் சொல்லிவிட்டான். மாதுரி சரியாகச் சாப்பிட்டே நாளாயிற்று.

நாலரைக்கு ராகுகாலம், படகுத்துறையிலிருந்து நேராக ஆட்டோவில் கூட்டி வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார். நடந்ததெல்லாம் பிறகு சுதர்ஷன் சொல்லித் தெரிந்தது. பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கைப் பார்த்து, இது எத்தனை காலத்துக் கட்டடம் என்று மாமி கேட்டுத் தொலைத்திருக்கிறாள். போதாதா? இவர் ஆட்டோவை அனுப்பிவிட்டு, எந்த நாட்டுக் கப்பல் எதை ஏற்றிப் போனது என்று கிடங்கு கிடங்காக நடத்தியே கூட்டி வந்திருக்கிறார்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது நாலரை தாண்டிவிட்டது. மாமி படியில் கால் வைக்கவில்லை.

"ராகுகாலம் துடங்கியாச்சு. இனி உள்ளே கேறப்படாது. பின்னொரு நாள் பாக்கலாம்."

பின்னொரு நாள் என்றால் எங்கள் ஜனங்களிடம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாமி தன் மூத்த பிள்ளைக்குப் பார்த்த ஒரு பெண்ணையும் இப்படித்தான் தட்டிக்கழித்தாளாம். இவரை அங்கேயே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். முகம் வெளுத்துப்போய் நின்றார், அதனால் விட்டேன்.

பட்டுப்புடவையோடு மாதுரி வெளியே வந்தாள்.

"மாமி, ராகுகாலத்துல கல்யாணக் காரியம்தானே பறயப்படாது? ஊர் பாக்கலாமோன்னோ? ஆறு மணி வரைக்கும் நான் காட்டறேன்."

மாமி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே திரும்பித் தெருவில் நடந்தாள். சுதர்ஷன் பின்னாலேயே ஓடினான். மாதுரியோடு நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அரண்மனையில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். மாதுரி வெளியிலிருந்தே காட்டினாள். கட்டியது போர்த்துக்கீசியர், பழுது பார்த்தது டச்சுக்காரர், இருந்தது கொச்சி ராஜா. பேர் மட்டும் டச்சு அரண்மனை என்று நின்றுவிட்டது என்றாள். ராஜா குடும்பத்துக் கோவிலைக் கும்பிட்டுவிட்டு யூதத் தெருவுக்குள் நுழைந்தோம். அங்கே ஜெபக்கூடம் கட்டிய வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டாள்.

இவர் வாயைத் திறந்தார். யார் தப்பாகச் சொன்னாலும் விடாதவர். என்னைப் பார்த்தார், அப்படியே மூடிக்கொண்டார். திருத்தியது மாமி.

"தெத்து. ஆயிரத்தி ஐநூத்தி அறுபத்தெட்டு. உன் அப்பா வர வழிலே ரெண்டு தடவை சொன்னாரே."

"அப்பா சொன்னதுதான் சரி, மாமி. நேக்கு இன்னிக்குப் பயத்துல ஒண்ணுமே ஓர்மை வரலை."

பாவம், என் பெண். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்; பிறகு விடவில்லை.

ஜெபக்கூடத்து மணிக்கூண்டின் கீழே வந்து நின்றோம். அதன் ஒரு முகத்தில் ரோமன் எண், ஒன்றில் மலையாளம், ஒன்றில் எபிரேயம். எந்த பாஷையில் பார்த்தாலும் ஆறு ஆகவில்லை. ராகு போகிற வரையில் மாமி கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டாள் என்று தெரிந்து எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறு கழிந்ததும் மாமி இவர் பக்கம் திரும்பினாள்.

"இவளை எங்காத்துக்குத் தருவேளா?"

ஊரில் ஒவ்வொரு கல்லுக்கும் பதில் வைத்திருக்கிற மனிதருக்குச் சத்தம் வரவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் பேச வேண்டுமே. தருகிறோம் என்று நான்தான் சொன்னேன்.