செவந்தி உட்கார்ந்த பெஞ்சு

1953ஆம் வருடம் ஆடி மாதத்தில், கொடும்பாளூருக்குத் தெற்கே ஆலங்கண்மாய்ப்பட்டிப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்புப் பெஞ்சு வளரத் தொடங்கியது. பெரியம்மையில் பிழைத்த செவந்தி, முகமெல்லாம் தழும்போடு அதன் ஓரத்தில் வந்து உட்கார்ந்த நாள் அது. "சல்லடை வந்துருச்சுடா! தள்ளி உக்காருங்க, ஒட்டிக்கும்" என்றான் நாகராசு. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். அவர்கள் நகர்ந்த அளவுக்குப் பெஞ்சு நீண்டது. ஆவணியில் மண்சுவரைத் துளைத்துக்கொண்டு செவந்தியோடு வெளியே போனது. புரட்டாசியில் வேப்பமரத்தைத் தாண்டியது. தச்சர் பெரியண்ணன் அறுத்துப் பார்த்தார். மறுநாளே அறுத்த அளவுக்குத் திரும்ப வளர்ந்துவிட்டது. வெயில் நன்றாக விழுந்ததால் ஊரார் அதன்மேல் மிளகாய் காயப்போட்டார்கள்.

ஆத்மநாதன் வாத்தியார் நாகராசுவைப் பிரம்பால் விளாசினார். அன்று சாயங்காலம் பெஞ்சு இன்னும் ஒரு வண்டி நீளம் கூடியது. அவனுக்கு வீட்டிலும் அடிதான். அப்பன் கருப்பன் அவனைச் சந்தையில் நாலு பேர் முன்னால் "தண்டச்சோறு" என்றுதான் கூப்பிடுவான். வாங்கியதை இறக்கிவைக்க அவனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அதனால் அவன் செய்தது நியாயமாகிவிடாது. ஆனால் கேலி செய்தவன் ஒருவன். நகர்ந்து கொடுத்தது வகுப்பு முழுவதும். ஒற்றை வாயால் ஒரு பெஞ்சை அத்தனை தூரம் தள்ள முடியாது.

ஐப்பசியில் பெஞ்சின் நுனி கண்மாய்க்குள் இறங்கியது. மழை வலுத்துத் தண்ணீர் செவந்தியின் முழங்காலுக்கு வந்தபோது, அவள் ஆத்தா அழகி கரையில் நின்று அழுதாள். "படிச்சுக் கிழிச்சது போதும்டி, எறங்கி வா. ஆடு மேய்க்கலாம்."

"ஏழாம் வாய்ப்பாடு பாதியில நிக்குது ஆத்தா" என்றாள் செவந்தி. பிறகு பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்: "சார், கேக்கலை!"

வாத்தியார் பிரம்பைக் கீழே போட்டார். நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மெதுவான குரலில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தார். உள்ளே இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் "சார், கேக்கலை!" என்று கத்தினார்கள். "கேக்கணும்னா நகந்து வாங்க" என்று வாத்தியார் அதற்கு மட்டும் குரலை உயர்த்தினார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த சொர்ணவல்லிதான் முதலில் நகர்ந்தாள். ஒவ்வொருவராக நகர நகரப் பெஞ்சு சுருங்கியது. செவந்தியையும் வாத்தியாரையும் நாற்காலியையும் கண்மாயிலிருந்து இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்து நின்றது. நாகராசு மட்டும் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் இடம் விடவில்லை. பெஞ்சு முனகியது. செவந்தி ஒடுங்கி உட்கார்ந்தாள். "இங்கிட்டு வாடா. சல்லடை கடிக்காது."

அதற்குப் பிறகு வருடாவருடம் சரஸ்வதி பூசையன்று அழகி வந்து, வாத்தியாரைக் கும்பிட்டுவிட்டு, பெஞ்சு முழுக்க விளக்கெண்ணெய் தடவினாள். செவந்தி அறந்தாங்கிக்குப் படிக்கப் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. பிள்ளைகள் காலையில் முதலில் சுவர் ஓட்டையைத்தான் பார்ப்பார்கள். பெஞ்சு ஒரு விரல் வெளியே நீண்டிருந்தாலும், "யாரை விட்டோம்?" என்று தேடிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மணி அடிப்பதற்குள் அது உள்ளே வந்துவிடும். 1964இல் சுவரைப் பூச வந்த இளவயதுக் கொத்தனார் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பூசினார். அடைக்கவில்லையா என்று புது வாத்தியார் கேட்டார். "வேணாம் சார், அது இருக்கணும்" என்று சொல்லிக் கரணையைக் கழுவினார் நாகராசு.