உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டுக்குக் கதவு வைத்த கதையை ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். கிழவனுக்குப் பணத்திமிர் என்கிறார்கள். பணம் என்னுடையது அல்ல. திமிர் மட்டும்தான் என்னுடையது. அது பணம் வருவதற்கு முன்பே இருந்தது.

மழை ஓய்ந்த சமயத்தில், ஏதோ ஓர் அமைப்பிலிருந்து ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். எங்கள் வரிசையில் இருக்கும் பதினாறு வீடுகளுக்கும் இரண்டு தவணையாகப் பணம் வரும், போனிலேயே வரும், திருப்பித் தர வேண்டாம், எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்றாள்.

"திருப்பித் தர வேண்டாம்னா அதுக்குப் பேரு பிச்சைம்மா. எங்க குடும்பத்துல யாரும் கை நீட்டினதில்ல" என்றேன்.

"தானமா வந்த மாட்டைப் பல்லப் பிடிச்சுப் பாக்காதீங்கப்பா" என்றான் மகன்.

உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "பணம் உங்க பேருக்கு வரல மாமா, என் பேருக்குத்தான் வருது. கை நீட்டறது நான். நீங்க கையக் கட்டிக்கிட்டே நில்லுங்க."

மகன் சிரிப்பை மறைக்க இருமினான். நான் கையைக் கட்டிக்கொண்டே நின்றேன்.

முதல் தவணை வந்தது. அதுவரை கடையில் டம்ளர் கணக்கில் வாங்கிய அரிசி, மூட்டையாக வந்து மூலையில் உட்கார்ந்தது. மருமகள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சின்னவளுக்குப் பால் கொடுத்தாள். ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்து போய்விடும் மூத்த பேத்தி தட்டை மறுபடியும் நீட்டினாள். இன்னொரு முறை கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூட்டையைப் பார்த்து அவளாகவே தெரிந்துகொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. அந்த வருடம் என் மகன் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கவில்லை. முன்பணம் வாங்கியவன், சூளை திறந்த நாளிலிருந்து மூடும் நாள் வரை மேஸ்திரி கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து ஓட வேண்டும். மகன் மண் மிதிப்பான். மருமகள் அச்சில் அடித்துக் கல் போடுவாள். அவள் போட்ட கல்லின் மூலை உடையாது. அது சூளை முழுக்கத் தெரியும்.

மீதிப் பணத்தில் ஆடு வாங்கலாம் என்றான் மகன். மருமகள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"கதவு."

எங்கள் வாசலில் அதுவரை கதவு இல்லை. ஒரு சாக்குத்தான் தொங்கியது. மேஸ்திரியை எல்லோரும் விசில் என்போம். விடியும் முன்பே வருவான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். விசில் அடிப்பான், கைத்தடியால் சாக்கைத் தூக்கி உள்ளே பார்ப்பான். போன வருடம் சின்னவள் பிறந்த பதினோராவது நாளும் அப்படித்தான் தூக்கினான். மருமகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தடியை இறக்காமல், "மண்ணு காயுது, எப்ப வர்ற?" என்று நின்றுகொண்டே கேட்டான். நான் முற்றத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். குடத்தை இறக்கி வைக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. வாங்கிய முன்பணம் என் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

பிறர் வீட்டு வாசலில் கனைக்காமல் கால் வைக்காத குடும்பம் எங்களுடையது. எங்கள் வாசலில் ஒருவனும் கனைத்ததில்லை.

ஆகவே மருமகள் கதவு என்றதும், பிச்சை என்ற சொல்லை நான் அதன்பிறகு எடுக்கவில்லை.

தச்சர் வந்தார். கதவை மாட்டி, தாழ்ப்பாள் கொண்டியை வெளிப்பக்கம் அடித்துவிட்டு, கூலிக்குக் கை துடைத்தார்.

"என்ன தச்சரே, தாழ்ப்பாள் வெளிய இருக்கு?" என்றேன்.

"வெளியதான இருக்கும்? பூட்டிட்டுப் போகணும்ல. இந்தப் பக்கத்துல நான் போட்ட கதவெல்லாம் அப்படித்தான்."

"அதெல்லாம் நெல்லுக் கிடங்கு, சிமெண்டுக் கிடங்கு. நாங்க வெளிய போனா இந்த வீட்ல பூட்டி வைக்க என்ன இருக்கு? உள்ள இருக்கும்போதுதான் எங்களுக்குத் தாழ்ப்பாள் வேணும்."

அவர் என்னையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கொண்டியைப் பிடுங்கி உள்பக்கம் அடித்தார். பிடுங்கிய ஓட்டைகள் இன்னும் வெளிப்பக்கம் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரி தன் பணத்தில் நாலு ஆடு வாங்கியிருந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஏண்ணே, இது வீட்டுக்குக் கதவா, இல்ல கதவுக்கு வீடா? உதைச்சா செவுரு விழும், கதவு நிக்கும். என் ஆடு குட்டி போடும். உங்க கதவு என்ன போடும்?"

"தாழ்ப்பாள் போடும்" என்றாள் மருமகள்.

சூளை திறக்கும் நாள் வந்தது. இருட்டு பிரியும் நேரம். முன்பணம் வாங்காவிட்டாலும் எங்கள் வாசலிலும் விசில் கேட்டது. மகன் தூக்கத்திலேயே எழுந்து நின்றான். அத்தனை வருடப் பழக்கம். மருமகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வெளியே தடி கதவு மரத்தில் மோதியது. பிறகு கதவைத் தள்ளினான்.

"எவன்டா உள்ள? தொற!"

"வெளிய யாரு?" என்றேன்.

"யாரா? என் குரல் தெரியலையா பெருசு?"

"குரல் தெரியுது. வீட்டுக்கு வர்றவங்க பேர் சொல்றது வழக்கம்."

வரிசை முழுக்க விழித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. யாரும் வெளியே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

"விளையாடாத. மண்ணு ஊறிக் கெடக்கு. ரெண்டு பேரையும் அனுப்பு."

"பிள்ளை பால் குடிக்கிறா" என்றாள் மருமகள் உள்ளிருந்தபடி.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"அவளத்தான் கேக்கணும்."

பக்கத்து வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் கதவை உதைத்தான். சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை.

"கேட்டுக்கோ பெருசு. இந்த வருஷம் உன் குடும்பத்துக்கு வேலை கிடையாது. ஓசிப் பணம் எத்தனை நாளைக்கு? தீந்ததும் என் காலடிக்குத்தான் வரணும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. மூட்டை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டாம் தவணைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன்.

"பணம் தீரும் மேஸ்திரி. தீரட்டும். கதவு இருக்கும்."

அவன் அடுத்த வாசலுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினான். "பாத்து! உள்ள ஆடு இருக்கு, முட்டும்!" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தியது கேட்டது.

அன்றும் மறுநாளும் எங்களைக் கூப்பிட ஆள் வரவில்லை. பயமில்லை என்று சொல்லமாட்டேன். தினமும் காலையில் மூட்டையின் உயரத்தைக் கண்ணால் அளந்தேன். மகன் கிடைத்த இடத்தில் வேலி கட்டினான், குழி வெட்டினான். ஒரு நாள் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, "நானே போய்க் கேட்டுடறேனேப்பா" என்றான். மருமகள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவன் சோற்றைப் பிசையத் தொடங்கினான்.

சூளையில் புதிதாகப் பிடித்து வந்தவர்கள் போட்ட கல் வரிசை வரிசையாக மூலை உடைந்து கிடப்பதாகப் பேச்சு வந்தது. பத்தாம் நாள், பொழுது நன்றாக விடிந்த பிறகு, மேஸ்திரி வந்தான். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். உள்ளே நாங்கள் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. இருந்தும் அவன் முற்றத்தின் ஓரத்திலேயே நின்றான். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். விசில் அடிக்கவில்லை.

கனைத்தான்.

மகன் எழப்போனான். "இருடா" என்றேன். மெதுவாக எழுந்தேன். மேல்துண்டை உதறித் தோளில் போட்டேன். வாசலுக்குப் போய், அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டேன்.

"யாரு?" என்றேன்.

வெளியே இன்னொரு முறை கனைப்பு கேட்டது. பிறகு அவன் தன் பெயரைச் சொன்னான். இத்தனை வருடத்தில் அன்றுதான் அந்தப் பெயரை நான் கேட்டேன்.

"பொழுது விடிஞ்சுதான் வருவோம், நடுவுல வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டுப் போவேன்னு சொல்லுங்க மாமா" என்றாள் மருமகள், கொண்டையை முடிந்துகொண்டே.

"நீயே சொல்லும்மா. உன் பேருல வந்த கதவு" என்று விலகி நின்றேன்.

அவள் கொண்டையை முடிந்து முடிக்கும் வரை அவன் வெளியே நின்றான்.