வெயில் இறங்காத உடம்பு

உடையார்பாளையத்துப் பஞ்சநாதன் வீட்டு ஆட்களின் உடம்பில் வெயில் இறங்குவதில்லை. மேலே விழும், தோளில் தங்காமல் வழிந்து, காலடியில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்தத் தேக்கத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டார்கள். மூன்று தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள் என்று தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பம் அது. நாற்பதைத் தாண்டினால் அவர்களுக்குச் சர்க்கரை வந்தது. 1995இல் பஞ்சநாதனின் கட்டைவிரல் போனது, 1998இல் பாதம், 2001இல் முழங்கால்வரை. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்னதாகவே எறும்புகள் வந்து அவர் கட்டிலின் கீழே காத்திருந்தன.

மகள் பரிமளா அவரைப் பஸ்ஸில் பெரம்பலூருக்கு அழைத்துப்போனாள். டாக்டர் அவருக்கு வெயில் சத்து மாத்திரை கொடுத்தார். பகலெல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே கிடந்து எலும்பு வலி கண்ட அந்தப் பஸ் கண்டக்டர் ரஞ்சித்குமாருக்கும் அதே மாத்திரைதான். மூன்று மாதத்தில் கண்டக்டர் படி தாவி ஏறினான். பஞ்சநாதனுக்கோ மாத்திரையும் வியர்வையோடு வெளியேறித் தலையணையில் மஞ்சளாகக் காய்ந்தது.

“அந்தச் சத்த உள்ள வாங்கிக்கிற கதவு ஆளுக்கு ஆள் வேற மாதிரிம்மா. உங்கப்பாவுக்குப் பூட்டியே கெடக்கு. பரம்பரையா வர்றது” என்றார் டாக்டர்.

“எனக்குங்க சார்?”

அவர் தரையைக் காட்டினார். ஜன்னல் வெயில் அவள் பாதத்தைச் சுற்றித் தேங்கியிருந்தது.

அத்தை மகன் அன்பழகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். சிறு வயது முதலே அவன்மேல் அவளுக்கு உயிர். இருவரும் சேர்ந்து நின்றால் வெயில் முழங்கால் அளவு நிற்கும். அதை அழகு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு இரு வழியிலும் பூட்டு விழுமே என்று அஞ்சி, கல்யாணம் வேண்டாம் என்றாள்.

அத்தை செங்கமலம் வாசலிலேயே நின்று கேட்டாள்: “ஏன்டி, எம் மவன் கசந்துட்டானா?”

“இனிக்கிறதுதாங்க அத்த பயமா இருக்கு.”

2005இல் அவள் ரஞ்சித்குமாரைக் கட்டிக்கொண்டாள். அன்பழகன் பந்தி முழுக்கப் பாயசம் பரிமாறினான். தான் மட்டும் சாப்பிடாமல் போனான்.

2007 தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் இளவெயிலில் கிடத்தினார்கள். வலப்பக்கம் விழுந்த வெயில் மாவில் எண்ணெய் இறங்குவதுபோல் உள்ளே இறங்கியது. இடப்பக்கம் விழுந்தது வழிந்து பாயில் தேங்கியது. ரஞ்சித்குமார் பிள்ளையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான், அப்போதும் அப்படியே. பரிமளா அழவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸம்மா பார்த்துவிட்டு, ஒரே பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மருத்துவ அட்டை போட்டார். இடப்பக்கத்து அட்டையை மட்டும் மாதம் தவறாமல் சோதனைக்கு எடுத்துவரச் சொன்னார்.