சிலுவை மொட்டுக்கு நான் சொன்ன அர்த்தம்

1.

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாந்தோம் கடற்கரையை ஒட்டிய ஒரு குப்பத்தில், வலை காயும் மணலுக்குப் பக்கத்தில், மாதாவுக்கு ஒரு சின்னக் கெபி இருக்கிறது. கெபி என்றால் குகை மாதிரி கட்டிய சிறு கோயில். அதன் நெற்றியில் சிமெண்டில் செய்த ஒரு சிலுவை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தச் சிலுவைக்கு முன்னால் நின்று, ஒரு கூட்டமே கேட்க நான் பொய் சொன்னேன். கதை அங்கேதான் பிறந்தது.

என் பெயர் பத்ரிநாராயணன். அபிராமபுரத்தில் வீடு. கதை எழுதுகிறவன். ஞாயிறுகளில் மயிலாப்பூரையும் சாந்தோமையும் சுற்றிக்காட்டும் ‘பாரம்பரிய நடை’ நடத்துகிறவனும் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். படித்து என்ன பிரயோஜனம்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அலை ஓய்ந்திருந்த அந்த அதிகாலையில், அமலோற்பவம் கடலையே பார்த்தபடி”

வேண்டாம். அமலோற்பவம் கடலையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். அதிகாலையில் அவளுக்கு மீன் ஏலத்தில் சண்டை போடவே நேரம் சரியாக இருக்கும். பிறகு இப்படி எழுதினேன்:

“தோமையார் சிலுவையின் தோற்றம் குறித்து அறிஞர்களிடையே”

இது கட்டுரை. ஆனாலும் கொஞ்சம் கட்டுரை வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் எதைப் பற்றிப் பொய் சொன்னேன் என்று உங்களுக்குப் புரியாது.

பரங்கிமலைக் கோயிலில் ஒரு பழைய கற்சிலுவை இருக்கிறது. அதில் இயேசுவின் உடல் கிடையாது. சிலுவைக் கைகளின் நுனி ஒவ்வொன்றும் மொட்டுப் போலக் குவிந்திருக்கும். அடியில் இரண்டு பக்கமும் இதழ்கள் சுருண்டு ஏறும். தாமரை என்கிறார்கள், வெறும் இலை என்கிறவர்களும் உண்டு. மேலே தலைகீழாக இறங்குகிற புறா. சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. அதை ஆளுக்கொரு விதமாகப் படித்திருக்கிறார்கள். இதே சாயலில் கேரளத்திலும் சிலுவைகள் இருக்கின்றன. குப்பத்துக் கெபியில் இருப்பது இதைப் பார்த்துக் கொத்தனார் செய்த நகல்.

[மொட்டு எதற்கு? உறுதியாகத் தெரியாது. ‘தெரியாது’ என்பது நாலெழுத்து. அன்று அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.]

3.

கேட்டது ஷ்ரேயா என்ற பெண். அன்றுதான் முதல்முறையாக நடைக்கு வந்திருந்தாள். “சார், எதுக்கு மொட்டு? பூவா வெச்சிருக்கலாமே?” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து எதைக் கேட்டாலும் டக் டக்கென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். இங்கே வந்து முழிப்பதா?

“கடலுக்குப் போய், உடல்கூடக் கிடைக்காதவங்களுக்காக வெச்சது,” என்றேன். “ஆள் எங்கேயோ உயிரோட இருக்கிறவரைக்கும் மொட்டு விரியாது. இந்தக் கரையோட நம்பிக்கை அது.”

ஒருவர் ‘அடடா’ என்றார். ஷ்ரேயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி, அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உண்மையைச் சொன்னால், அவளும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கூடப் பேசினேன். அவள்தான் அமலோற்பவம். இரண்டு வருஷம் முன்பு படகு கவிழ்ந்ததில் மற்றவர்களின் உடல் கரை ஒதுங்கியது, அவள் மகன் சவரிராஜின் உடல் மட்டும் ஒதுங்கவில்லை. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

[அந்த நாலெழுத்தை இங்கே மட்டும் எவ்வளவு சுலபமாக எழுதுகிறேன், பாருங்கள்.]

4.

நேற்றுக் காலை என் மனைவி சுப்புலக்ஷ்மி வந்து, “ஏன்னா, வாசல்ல ஒரு பொண்ணு நின்னுண்டிருக்கா. உங்களைத்தான் கேக்கறா,” என்றாள்.

வந்தவள் கயல். சவரிராஜின் மனைவி. உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, வேண்டாம் என்று வாசற்கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

“நீங்கதான அந்த வாக்கிங் கூட்டிக்கினு வர்ற சாரு? எங்க மாமியாருக்கு இன்னா சொன்னீங்க?”

அவளே சொன்னாள்.

“ரெண்டு வருசமா அழுதுகினு கெடந்து, இப்பதான் சார் அது அடங்குச்சு. அவரு சட்டையெல்லாம் அதுவே எடுத்து சொந்தக்காரங்களுக்குக் குட்த்துச்சு. எனக்கு பிரபுவப் பார்த்ததும் அதுதான். எவ்ளோ நாளு இப்டியே குந்திக்கினு இருப்ப, கட்டிக்கினு போம்மேன்னு சொன்னதும் அதுதான். உங்க கதையக் கேட்டுட்டு வந்து வூடு வூடாப் போய் சட்டையத் திருப்பி வாங்கிக்கினு வருது. ஒர்த்தன் போட்டுக்கினு நின்னான். மணல்லயே கயட்ட வெச்சிடுச்சு.”

பிரபு கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோவில் லைட் போடுகிறவன். ஆயர் இல்லத்தில் விசாரித்து, சவரிராஜ் இறந்ததாக ஏற்று, கயல் பிரபுவைக் கட்டிக்கொள்ள அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். ஓலை வாசிப்பது நடந்துகொண்டிருந்தது. [கத்தோலிக்கர்களிடம் இது ஒரு வழக்கம். இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை.]

“ரெண்டு ஓலை ஆயிடுச்சு. நாளைக்கு மூணாவது. பூசையில எந்திரிச்சி நின்னு, எம் புள்ள உயிரோட கீறான், மொட்டு இன்னும் விரியலன்னு சொல்லப் போவுதாம். கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போவட்டும் சார். டெய்லியும் அவருக்குத் தட்டு வெக்குது. அந்தச் சோத்த அப்பறம் நான்தான் துண்றேன். என்னால முடியல.”

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதுகிறேன். “நான் வந்து சொல்றேம்மா,” என்றேன். “சிலுவைக்கு அடியில தாமரை விரிஞ்சிருக்கில்லையா? அதுதான் விரிஞ்ச மொட்டு, அவர் போய்ச் சேர்ந்துட்டார்னு அர்த்தம்னு சொல்லிடலாம்.” சொல்லும்போதே ‘பிரமாதமாக வந்திருக்கிறதே’ என்று மனசு மெச்சிக்கொண்டது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா.

கயல் கதவிலிருந்து கையை எடுத்தாள். “இன்னொரு கதை வோணாம் சார். சொன்னது பொய்யின்னு மட்டும் சொல்லுங்க. போதும்.”

அவள் போனபிறகு சுப்பு சமையலறையிலிருந்து வந்தாள். “அவா துக்கத்துல போய்க் கதை சொல்லிண்டு நின்னிருக்கேளே, வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தோடு நேராகப் போய் மேஜையில் உட்கார்ந்து, இந்தக் கதையின் முதல் பகுதியை எழுதினேன். கயல் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள்.

5.

சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன். அமலோற்பவம் வாசலில் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே கொடிக்கயிற்றில் சட்டைகள் தொங்கின. நீலத்தில் ஒன்று, கட்டம் போட்டது இரண்டு, மஞ்சளில் ஒன்று. எல்லாம் புதிதாகத் துவைத்தவை.

“வா ஐரே, குந்து,” என்றாள். [நாங்கள் ஐயங்கார். அவளைத் திருத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை.]

“அன்னிக்கு மொட்டைப் பத்தி ஒண்ணு சொன்னேனே,” என்று ஆரம்பித்தேன். “அது எங்கேயும் எழுதியில்ல. எனக்கு அதைப் பத்தி நிச்சயமாத் தெரியாது.”

“தெரியாதுன்னா பொய்யா?”

“அப்படியில்ல. வந்து…”

“உனக்குத் தெரியலன்னா வுடு. எம் புள்ள செத்தான்னும் உனக்குத் தெரியாதுல்ல?”

இங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது: நானே கட்டினேன் அம்மா, அந்தப் பெண் முன்னால் முழிக்க வெட்கப்பட்டுக் கட்டினேன். நான் சொன்னது: “பல பேர் பல விதமாச் சொல்றா.”

அதில் பொய் கிடையாது, கவனியுங்கள். பஹ்லவி எழுத்தைப் பற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உண்மையைக் கொண்டே பூசி மெழுகினேன்.

“அதான் பாரு, பல பேரு சொல்றாங்கன்னா இன்னாவோ கீது,” என்றாள் அமலோற்பவம். பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து ஒரு பையனை விட்டு எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். “நீ வந்து சொன்னப்பறம்தான் ஐரே எனக்குத் தொண்டையில சோறு எறங்குது. கடவுளாப் பார்த்து உன்ன அனுப்பிச்சாரு.”

கலரைக் குடித்தேன். குடித்து முடித்து, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே கயல் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே உள்ளே போய்விட்டாள்.

6.

முடிவுகள்.

அ) ஓலை வாசிக்கிறார்கள். அமலோற்பவம் எழுகிறாள். அவளுக்கு முன்னால் நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். அவள் கயலின் தோளில் சாய்ந்து அழுகிறாள். இதில் என் குரல் கணீரென்று இருக்கிறது, யாரும் என்னைத் திட்டவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

ஆ) அவள் எழவே இல்லை. எல்லாம் தானாகவே புரிந்துவிட்டது. எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. பட்டவர்களே பெரிய மனசு பண்ணி நம்மை விட்டுவிடுவார்கள்.

இ) சவரிராஜ் திரும்பி வருகிறான். இதைத்தான் ஆசையாக எழுதினேன். எழுதினால் என் பொய் பொய்யில்லை என்றாகிவிடும். கோயில் வாசலில் அவன் வந்து நிற்கிறவரை நன்றாகத்தான் போயிற்று. கயலை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

7.

இப்போது ஞாயிறு காலை. பூசை தொடங்கியிருக்கும். முடிகிற சமயத்தில்தான் ஓலை வாசிப்பார்கள். சுப்பு ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் போய்ச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். சொன்னால் அமலோற்பவம் மகனை இரண்டாம் தரம் பறிகொடுப்பாள், ஊர் பார்க்க, என் வாயால். சொல்லாவிட்டால் கயல் அந்தத் தட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அந்த வீட்டிலேயே கிடப்பாள். இதை எத்தனை விதமாக எழுதினாலும் நான் அங்கே போனதாக ஆகாது.

முடிவை வாசகர் தலையில் கட்டிவிட்டு எழுந்துபோவது இந்த மாதிரிக் கதைகளில் சகஜம். எனக்கு அதற்கும் முகமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதற்குக் கீழே எட்டு என்று ஒரு பகுதி இருந்தால், நான் இன்னும் கிளம்பவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

8.

ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். சுப்பு செருப்பை மாட்டிக்கொண்டு, “நீங்க வரலேன்னா நான் போய்ச் சொல்லிட்டு வரேன். அந்தப் பொண்ணு பாவம்னா,” என்கிறாள். அவள் போய்ச் சொன்னால் அமலோற்பவம் நம்ப மாட்டாள். சொன்ன வாய்தான் இல்லை என்றும் சொல்ல வேண்டும். எழுந்துவிடுகிறேன், இதோ, இந்த ஒரு வரியை மட்டும் முடித்துவிட்டு