பழகு வீட்டின் வாசற்படி

சக்கர நாற்காலிக்காரன் சௌகரியமாக நடமாடுவதற்கென்றே கட்டிய வீட்டுக்குள் நந்தகோபால் மாட்டிக்கொண்டான். கதவு திறந்துதான் இருந்தது.

வேலூருக்கு வெளியே, முதுகெலும்பு முறிந்தவர்களுக்கான விடுதி அது. குடியாத்தத்தில் லுங்கி நெய்து, ஒருநாள் லுங்கி மூட்டைகளோடு லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் அங்கே வந்து சேர்ந்தவன் நந்தகோபால். ஊருக்கு அனுப்பும் முன் இப்படிப்பட்டவர்கள் பெண்டாட்டியோடு சில நாள் குடித்தனம் செய்து பழகட்டும் என்று, விடுதித் தோட்டத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார்கள். பழகு வீடு என்று பெயர்.

வரைபடம் போட்டது மெட்ராஸ் சாவித்திரியம்மா. அவர் முதலில் தானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விடுதியைச் சுற்றி, எல்லாக் கதவிலும் முழங்கையைப் பேர்த்துக்கொண்டார். பிறகுதான் பென்சிலைத் தொட்டார். ஆஸ்பத்திரி வாடையே அடிக்காத ஓட்டுக்கூரை, சிவப்பு சிமெண்டுத் தரை, உட்கார்ந்தபடி சமைக்க அடுப்பு மேடை. தெருவில் நடக்கும் சண்டையைப் பார்க்க ஜன்னல் தாழ்வாக வேண்டும் என்று வார்டே சேர்ந்து கேட்டது, அதையும் வைத்தார். வாசற்படியை மட்டும் வைக்கவில்லை. சக்கரம் அப்படியே உருண்டு வெளியே போகலாம்.

செலவை ஏற்றவர் கோவிந்தராஜ். ஆம்பூரில் ஷூ தைக்கும் கம்பெனி வைத்திருப்பவர். திறப்பு விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் வந்து பார்த்து அதிர்ந்துபோனார்.

“இன்னாய்யா இது? மஞ்சள எங்க பூசறது? வீடா, கார் ஷெட்டா?”

சாவித்திரியம்மா ஊரில் இல்லை. இருட்டுவதற்குள் தச்சர் வந்து வாசலுக்குக் குறுக்கே தேக்கில் சாண் உயர வாசற்படி ஒன்றைப் பொருத்திவிட்டார். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச் சுற்றினார்கள்.

காலையில் முதல் குடித்தனக்காரன் என்று நந்தகோபாலை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். வலது காலை எடுத்து வைக்க வேண்டுமே. கால் வேலையில் இல்லாததால் வலது சக்கரத்தை முதலில் வைத்தார்கள். வைத்துவிட்டு, பந்தலில் நாற்காலி போடப் போய்விட்டார்கள்.

வெளியே இன்னொரு சக்கர நாற்காலி வந்து நின்றது. பக்கத்துக் கட்டில் அப்துல் சமத். தோல் பதனிடும் டேனரியில் கட்டு சரிந்து முதுகில் விழுந்து வந்தவன்.

“இன்னா தோஸ்த், குடித்தனம் எப்படி?”

“சௌகரியம் ஜாஸ்தி. வெளிய வரத்தான் முடியல.”

“என்னால உள்ள வர முடியல. உன்னுது தேவல, அடுப்பு இருக்குது.”

நந்தகோபாலுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று அண்ணன் பரந்தாமன் வருகிறான். குடியாத்தம் வீட்டு நிலைவாசலின் அடிக்கட்டை முழங்கால் உயரம்; அதை எடுத்தால்தான் தம்பியின் நாற்காலி தெருவைப் பார்க்கும். அதில் கை வைத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று அண்ணன் மறுத்துவிட்டான். வாசற்படி இல்லாமலும் வீடு வீடாகவே இருக்கும், வந்து பார்த்து முடிவு செய்யுங்கள் என்று சாவித்திரியம்மா அவனைக் கெஞ்சி வரவழைத்திருந்தார்.

அண்ணன் வந்தான். பின்னால் நந்தகோபாலின் மனைவி கமலவேணி. அண்ணன் வாசற்படியைக் கண்ணால் அளந்தான்.

“நான் சொன்னேன்ல? படிச்சவங்களே வெச்சித்தான் கட்டியிருக்காங்க.”

“அண்ணே, அது நேத்து வெச்சது.”

“நேத்துதான் புத்தி வந்திருக்குது.”

“அப்ப இவரு எப்படி மாமா வெளிய வர்றது?” என்றாள் கமலவேணி.

“எதுக்கும்மா வரணும்? தறிக் கொட்டாயில கட்டில் போட்டுர்றேன். சோறு வந்துரும். ரேடியோ கூட வாங்கித் தர்றேன்.”

அண்ணன் கெட்டவனில்லை. அதுதான் பேஜார். கெட்டவனென்றால் சண்டை போடலாம். ரேடியோ வாங்கித் தருகிறவனோடு என்னவென்று சண்டை போடுவது? நந்தகோபாலுக்குத் தறிக் கொட்டாய் தெரிந்தது. கட்டில், ரேடியோ, மூன்று வேளைச் சோறு, கூரை. கூரையில் எத்தனை ஓடு என்று எண்ணிக்கொண்டே செத்துப்போகலாம்.

மேளம் நெருங்கியது. மாலையோடு கோவிந்தராஜ், கூட்டம், ரிப்பன், கத்தரிக்கோல். மெட்ராஸிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய சாவித்திரியம்மா வாசற்படியைப் பார்த்துவிட்டு, கோவிந்தராஜைத் திரும்பிப் பார்த்தார்.

நந்தகோபால் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினான். கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து, பூவையெல்லாம் நசுக்கிக்கொண்டு நட்டநடு வாசற்படியில் உட்கார்ந்தான்.

மேளம் தானாக நின்றது.

“தம்பி, வாசப்படியில குந்தக் கூடாது. எழுந்திரு,” என்றார் கோவிந்தராஜ்.

“எழுந்திரிக்க முடிஞ்சா இந்த வீடே வேணாமேங்க.”

“தூக்குங்கய்யா இவன.”

“தூக்காதீங்க,” என்று சாவித்திரியம்மா முன்னே வந்தார். நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்து அவனுக்கு அடியில் தள்ளினார். “வெறும் கட்டையில உக்காந்தா புண்ணு வரும். இதுல உக்காருங்க.”

கோவிந்தராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. “சரிய்யா, கட்டைய எடுத்துர்றோம். தச்சரக் கூப்பிடுங்க.”

“இது சின்ன விஷயங்க. எங்க அண்ணன் ஒரு வார்த்த சொல்லணும்.”

கூட்டத்திலிருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் பரந்தாமனைத் திரும்பிப் பார்த்தார்கள். தன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர இத்தனை பேர் காத்திருந்து அவனுக்குப் பழக்கமில்லை.

“மானத்த வாங்காதடா.”

“நம்ம வீட்டு அடிக்கட்டைய எடுக்கிறியா?”

“வீட்டுக்கு வா, பேசிக்கலாம்.”

“வீட்டு வாசப்படி உசரம்ண்ணே. அதுல ஏறிக் குந்தி உன்கிட்ட பேச எனக்கு எட்டாது.”

பரந்தாமன் கமலவேணியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். புருஷனை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

“எடுத்துர்றேன்,” என்றான் பரந்தாமன். “அடிக்கட்டை மட்டும்தான்.”

தச்சர் அறுத்தார். மஞ்சள் பூசிய மரத்தூள் பறந்தது. கோவிந்தராஜ் ரிப்பனை வெட்டினார். கூட்டம் கேசரிக்குக் கலைந்தது. நந்தகோபாலின் நாற்காலி வாசல் தாண்டி வெளியே உருண்டது.

சமத் கூடவே உருண்டு வந்தான். “உங்க வீட்டு வாசல் தாண்டினா இன்னா இருக்குது?”

நந்தகோபால் யோசித்தான். “சாக்கடை. மேல ஒரு கல்லு கிடக்கும். ஒத்தக் கால் வெக்கிற அகலம்.”

“யாரு போட்டது?”

“கவுன்சிலரு.”

“அப்ப அவரு வீட்டு வாசப்படியில போய்க் குந்து.”

“அவரு மாடியில குடியிருக்காரு,” என்றான் நந்தகோபால்.